தொரையை நம்பி மாமாவை நிறுத்திய கதை

மாமனாரை எருதுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திய மருமகன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோபத்தில் செய்திருந்தாலாவது நாலு பேர் புரிந்துகொண்டிருப்பார்கள். நானோ மரியாதையாகக் கையைப் பிடித்து அழைத்துப்போய், நிழல் பார்த்து, "இங்கயே நில்லுங்க மாமா" என்று சொல்லி நிறுத்தினேன். அந்த மரியாதையைத்தான் இன்றுவரை என் வீட்டில் யாரும் மன்னிக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியபோது எனக்கு இருபத்து நாலு வயது. கல்கத்தாப் பக்கம், ஆகாய விமானங்களைச் சுடுகிற பீரங்கிப் படையில் மூன்று வருஷம் இருந்தேன். கடத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றே 'பீரங்கிக்காரன்' என்று பெயர் வந்துவிட்டது. (நான் மறுக்கவில்லை. மறுக்கிற வயதா அது?) உண்மையில் பீரங்கியைத் துடைத்ததைத் தவிர நான் அதைத் தொட்டதே கிடையாது. என் வேலை பீரங்கிக்கு நாற்பது கஜம் தள்ளி நின்ற ஓர் இரும்புப் பெட்டியில்.

அந்தப் பெட்டிதான் பீரங்கியின் மூளை. குண்டு மேலே போய்ச் சேருவதற்குள் விமானம் வெகுதூரம் போய்விடும். ஆகையால் விமானம் இருக்கிற இடத்தில் சுட்டுப் பிரயோஜனமில்லை, இருக்கப்போகிற இடத்தில் சுட வேண்டும். அது எந்த இடம் என்று கணக்குப் போடுவதுதான் பெட்டியின் உத்தியோகம். உள்ளே நூற்றுக்கணக்கான பல்சக்கரங்கள். மேலே இரண்டு தூரக்கண்ணாடிகள். சுற்றிலும் ஆறு பேர் நின்று ஆளுக்கொரு கைச்சக்கரத்தைச் சுற்றுவோம். பெட்டி உறுமிக்கொண்டே யோசித்து முள்ளைக் காட்டும். பனைமரம் மாதிரி நீண்ட பீரங்கிகள் நாலும் பேசாமல் அந்தப் பக்கம் திரும்பும். எங்கள் சுபேதார் சொல்லுவார், "இது ஒன்றைத்தான் சொல்லும். விமானம் இப்படியே போனால் இன்ன இடத்தில் இருக்கும் என்று. மிச்சத்தை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்." அதில் 'இப்படியே போனால்' என்ற பகுதியை நான் கல்கத்தாவிலேயே தொலைத்துவிட்டு வந்தேன் போலிருக்கிறது.

வந்த கையோடு கல்யாணம். மனைவி மரியபுஷ்பம், இண்டூர்ப் பக்கத்துப் பெண். ஏழாம் மாதம் பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். வீட்டில் நானும், விதவையான என் அக்கா ஞானம்மாளும் மட்டும். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. கம்பங்கொல்லையில் நிற்கும்போதுகூட என் வலது கை தானாக ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் பெங்களூரில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஏர்க்கலப்பைக்கு நல்ல இரும்பு வாங்கி வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

அங்கே ஒரு மூலையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, அது நின்றது. ஒரு தூரக்கண்ணாடி போய்விட்டது. பெயிண்ட் உரிந்திருந்தது. மூன்றாம் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தேன். அது உள்ளே 'க்ர்ர்ர்' என்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். மூன்று வருஷம் தாய் தகப்பன் முகத்தைவிட அதிகமாக அந்தப் பெட்டியின் முகத்தைத்தான் பார்த்திருந்தேன். ஏலத்தில் வேறு ஒருவரும் அதைக் கேட்கவில்லை. (கேட்கமாட்டார்கள். அவர்களுக்கெல்லாம் புத்தி இருந்தது.)

லாரியிலும் மாட்டு வண்டியிலுமாக அதை ஊர் கொண்டுவந்து சேர்த்தேன். உள்ளே தூக்கி வைக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. வாசல் நிலையில் ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்தது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "கலப்பைக்கு இரும்பு வாங்கியாறேன்னு போனியே, இதாடா இரும்பு?"

"இது சாதாரண இரும்பு இல்லக்கா. இது பீரங்கியோட மூளை."

"ஒனக்கு இல்லாததுனு வாங்கியாந்தியாக்கும்," என்றாள் அக்கா.

வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது, ஒரு வேலையும் செய்யாது, வீட்டில் நல்ல இடம் அதற்குத்தான். ஆகவே அக்கா அதற்குத் 'தொரை' என்று பெயர் வைத்தாள். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் இருந்த காலம் அது. விளக்குக்கு வைத்திருந்ததைத் துரு எடுக்கத் தொரைக்கு ஊற்றினேன். தொரை ஓடக் கரண்டு வேண்டும். எங்கள் ஊரில் அப்போது அது கிடையாது, அதனால் லாரி ஸ்டார்ட் பண்ணுகிற கைப்பிடி ஒன்றைப் பொருத்தினேன். அதைச் சுற்றினால் உள்ளே ஒரு சுருள்வில் இறுகும், தொரை உயிரோடு எழுந்துவிடுவான். கஷ்டம் என்னவென்றால், இறுகிய வில் எப்போது அவிழும் என்று அவனுக்கே தெரியாது. நாங்கள் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்போம், முடிகிற கட்டத்தில், ஐந்தாவது தேவரகசியத்தில், மூலையிலிருந்து 'க்ர்ர்ர்' என்று உறுமுவான். அக்காவின் சேலைத் தலைப்பைப் பல்சக்கரத்தில் இழுத்துக்கொள்வான். கேழ்வரகு மாவில் எண்ணெய் சிந்துவான். அவனுக்கு அடியில் முட்டையிட்ட கோழி ஒன்று, அவன் உறுமிய உறுமலில் அப்புறம் எங்கள் வீட்டிலேயே முட்டையிடவில்லை, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

குழந்தை பிறந்தது. பெண். செலின் என்று பெயரிட்டோம். ஞானஸ்நானத்தன்று ஒரே ஒருமுறை கையில் வாங்கினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு என் சட்டைப் பொத்தானைப் பிடித்தது. அதன் பிறகு வீடு முன்னைவிட வெறிச்சென்று ஆகிவிட்டது. ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விடுவது வழக்கம். அதற்கு முன் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க மாமனார் வந்தார்.

என் மாமனார் அருளப்பன் உயரமான மனிதர். பேச்சு குறைவு. நடந்துவந்த களைப்பில் போர்வை போர்த்தியிருந்த ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். அக்கா அப்போதுதான் மோர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கி ஒரு வாய் வைத்தார். பெட்டி உறுமியது.

மோர் சுவரெல்லாம் போயிற்று. மாமா எழுந்த வேகத்தில் விட்டத்தில் தலை இடித்தது. போர்வையை நானே நீக்கிக் காட்டினேன். (மறைத்திருக்கலாம். எனக்குப் பெருமை வேறு.)

"என்னங்க மாப்ள இது?"

"பீரங்கியோட மூளைங்க மாமா."

மாமா அதைச் சுற்றி வந்தார். "ஆளக் கொல்ற சாமானுங்களா?"

"இது கொல்லாதுங்க. சொல்றதோட சரி. கொல்றது பீரங்கி."

நான் இதைப் பெரிய சமாதானமாக நினைத்துத்தான் சொன்னேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இது இருக்கற வூட்டுக்கு எம் பொண்ணையும் பேத்தியையும் அனுப்ப மாட்டேனுங்க. இத வெளிய போட்டுட்டு ஆள் அனுப்புங்க, நானே கொண்டாந்து வுடறேன்," என்று சொல்லி வாசல்படி தாண்டிவிட்டார்.

நல்ல புத்தி உள்ளவன் என்ன செய்வான்? அன்றைக்கே கொல்லனைக் கூப்பிட்டிருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மாமாவுக்குத் தொரையின் அருமை தெரியவில்லை, தெரியவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மாமாவுக்கு ஓர் ஆசையும் ஒரு பயமும் உண்டு என்று மரியபுஷ்பம் சொல்லியிருந்தாள். தெருவில் எருதை ஓடவிட்டுக் கொம்புத் துண்டைப் பறிப்பார்களே, அந்த எருது விடுவதைப் பார்ப்பதில் உயிர். ஆனால் வாலிபத்தில் ஒரு எருது தள்ளிவிட்டதிலிருந்து கீழே நின்று பார்த்ததே இல்லை. யார் வீட்டுக் கூரையிலாவது ஏறிக்கொண்டு, "நல்லாத் தெரியலியே, நல்லாத் தெரியலியே" என்று புலம்புவாராம். தை மாதம் எங்கள் ஊரில் வனத்து அந்தோணியார் திருநாள். கோயில் சாமியார் மாடுகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார், அதன் பிறகு எருது விடுவார்கள். எருது எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மாமா கீழே நின்று பார்க்கலாம் அல்லவா? விமானத்துக்கே சொன்ன தொரை எருதுக்குச் சொல்லமாட்டானா? அதுவும் எருது பறக்காது. ஒரு கண்ணும் ஒரு சக்கரமுமே போதும்.

ஒரு மாதம் ஒத்திகை பார்த்தேன். தினமும் காலையில் அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவாள். நான் ஒற்றைக் கண்ணாடியில் அவளைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுவேன். எட்டு எண்ணுவதற்குள் அக்கா புளியமரத்தைத் தாண்டுவாள் என்று தொரை காட்டுவான். தாண்டுவாள். தர்மபுரி பஸ்ஸைப் பிடித்தேன், அதுவும் சொன்ன இடத்துக்குச் சொன்னபடி வந்தது. ஒருநாளும் தப்பவில்லை. அக்காவும் பஸ்ஸும் ஒரே ரகம், நேராகப் போவார்கள், யாருக்காகவும் வேகத்தை மாற்றமாட்டார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. அக்காவைப் போலத்தான் உலகம் முழுவதும் நடக்கும் என்று நம்பினேன்.

மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். திருநாளுக்கு வாருங்கள், பார்த்த பிறகும் பெட்டி வேண்டாம் என்றால் அன்றைக்கே வெளியே போட்டுவிடுகிறேன், சத்தியம் என்று. மாமா வந்தார். எருதுக்காக வந்தாரா, சத்தியத்துக்காக வந்தாரா என்பது தெரியாது. தொரையை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தெரு முனையில், வேப்பமரத்து நிழலில் இறக்கினோம். கைப்பிடி சுற்றப் பக்கத்துக் கொல்லைக்காரன் மாதப்பன் வந்தான். ஊரில் பாதி எருதைப் பார்க்காமல் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"கூரைக்குப் போயிடறேனுங்க மாப்ள," என்றார் மாமா.

"எதுக்குங்க மாமா? இங்கயே நில்லுங்க. எருது எந்தாண்ட போவும்னு நான் முன்னாடியே சொல்றேன். இந்தாண்ட வராதுங்க."

கையைப் பிடித்துத் தொரைக்கு இடது பக்கம் நிறுத்தினேன். அவர் கை சில்லென்று இருந்தது. என்னை நம்பி நின்றார். இப்போது நினைத்தாலும் அதுதான் மனதைப் பிசைகிறது. எருதுக்குப் பயந்த மனிதர், பெண்ணைக் கட்டியவன் சொல்கிறானே என்று நின்றார்.

முதல் எருது வந்தது. கண்ணாடியில் பிடித்தேன், சக்கரம் சுற்றினேன், முள் வடக்கே காட்டியது. "வடக்க!" என்று கத்தினேன். வடக்கே போயிற்று. கூட்டம் விசில் அடித்தது. இரண்டாவதும் வடக்கே. (தெருவே வடக்கே பார்த்த தெரு. வேறெங்கே போகும்?) மாமா முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "அட, நெசமாத்தான் சொல்லுதுங்க மாப்ள!" என்றார். எனக்குக் காதில் மரியபுஷ்பத்தின் கொலுசுச் சத்தமே கேட்டுவிட்டது.

மூன்றாவது, மாதப்பனின் சொந்தச் செவலை எருது. கொம்பில் பச்சைப் பட்டுத்துண்டு. தன் எருது வருகிற உற்சாகத்தில் மாதப்பன் கைப்பிடியை வெறி பிடித்தாற்போல் சுற்றினான். வில் அளவுக்கு மீறி இறுகியது. எருது நேராக வந்தது, முள் வடக்கே நின்றது, நான் "வடக்க!" என்று கத்தினேன். அதே கணத்தில் வில் அவிழ்ந்தது.

அப்படி ஓர் உறுமலைத் தொரை கல்கத்தாவில்கூட உறுமியதில்லை. செவலை நின்றது. தலையைத் திருப்பியது. தெரு முனையில் ஒற்றைக் கண் பளபளக்க இன்னொரு எருது நின்று தன்னை வம்புக்கு இழுப்பதாக அது முடிவு செய்திருக்க வேண்டும். நான் இன்னும் கண்ணாடியில்தான் கண் வைத்திருந்தேன். அதில் எருதின் நெற்றி மட்டும் தெரிந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது. முள் அப்போதும் வடக்கேதான் காட்டிக்கொண்டிருந்தது.

மாதப்பன் மரத்தில் இருந்தான். நான் தொரைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள், கோழி படுத்த இடம் அது. மாமா மட்டும் நான் நிறுத்திய இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எருது தொரையை ஒரு முட்டு முட்டிவிட்டு, போகிற போக்கில் மாமாவைத் தோளால் இடித்தது. மாமா ஆகாயத்தில் கொஞ்ச தூரம் போய் எருக்குழியில் விழுந்தார்.

புழுதி அடங்கியது. தொரையின் மிச்சமிருந்த கண்ணும் நொறுங்கிக் கிடந்தது. ஆனால் அவனுடைய மூன்றாம் சக்கரக் கைப்பிடியில் செவலையின் பட்டுத்துண்டு மாட்டிக்கொண்டு ஆடியது. கொம்புத் துண்டை எடுத்தவருக்குப் பித்தளைக் குடம் என்பது ஊர் விதி. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மனிதர்தான் எடுக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை என்று முடிவாயிற்று. குடம் தொரைக்கே வந்தது.

எருக்குழியிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "மாப்ள! இன்னும் இங்கயே நிக்கட்டுங்களா?"

அவரைக் கட்டிலில் வைத்து எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். எலும்பு முறியவில்லை, இடுப்பு பிசகியிருந்தது. நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டுவிட்டு, "ஒரு மாசம் வண்டியில ஏத்தக் கூடாது. அசையாம கெடக்கணும்," என்று சொல்லிப் போனார். கட்டில் போட வேறு இடம் இல்லாததால் தொரையின் பக்கத்திலேயே போட்டோம். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சமையல் மூலையில் உட்கார்ந்து அழுதேன். ஐந்தாம் மாதமும் போயிற்று, ஐம்பதாம் மாதமும் போயிற்று என்று நினைத்தேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் எனக்குக் களியும் கீரையும் வைத்தாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை என்றால் நிலைமை அவ்வளவு மோசம்.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மரியபுஷ்பம் இறங்கினாள், இடுப்பில் குழந்தை. தகப்பன் கிடையில் கிடக்கும்போது அவரைப் பார்க்க வராமல் இருப்பாளா? இதை நான் நினைக்கவே இல்லை. தொரையும் சொல்லவில்லை.

அவள் தகப்பனைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏங்க, எங்கப்பன எங்கதான் நிக்க வெச்சீங்க?"

"வராதுனு சொன்ன எடத்துலதான்," என்றேன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், நடுநடுவே என் தோளில் இரண்டு அடி வைத்தாள். கட்டிலும் லேசாக ஆடியது. மாமா சுவர்ப் பக்கம் திரும்பியபடியே சிரித்துக்கொண்டிருந்தார், இடுப்பு வலிக்க வலிக்க.

செலினுக்கு மத்தியானமானால் அழுகை. வயிற்று உப்புசமோ என்னவோ, வசம்பு கொடுத்தும் தூளியில் ஆட்டியும் நிற்காது. ஒருநாள் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தபோது, படுத்தபடி சும்மா கிடந்த மாமாவின் கை தொரையின் கைப்பிடியை எட்டிப் பிடித்தது. எரிச்சலில் இரண்டு சுற்றுச் சுற்றினார். க்ர்ர்ர். குழந்தை நிறுத்தியது. காதைக் கூர்மையாக்கிக் கேட்டது. மாமா இன்னும் நாலு சுற்றுச் சுற்றினார். செலின் கண்ணை மூடிக்கொண்டு தூங்கியே போயிற்று.

அன்றிலிருந்து மத்தியானம் சாப்பாடு ஆனதும் மாமாவுக்கு அதுதான் வேலை. படுத்துக்கொண்டே சுற்றுவார். கண்ணில்லாத தொரை மெதுவாக உறுமுவான். ஒருநாள் அப்படிச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, இது எத்தன பேரக் கொன்னுதுங்க?"

நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. "ஒரு ப்ளேன் வுழுந்துதுங்க மாமா. கறுப்பா பொகை வந்துது. எல்லாரும் கத்திக் குதிச்சாங்க. உள்ள எத்தன பேருனு தெரியாதுங்க. அன்னிக்கு என்னால சாப்புட முடியல."

அவர் கை நின்றது. மரியபுஷ்பம் அடுப்படியில் பாத்திரத்தை வைக்கும் சத்தமும் நின்றது. அவளிடமும் நான் அதைச் சொன்னதில்லை. ஊரில் என்னைப் பீரங்கிக்காரன் என்று கூப்பிடும்போதெல்லாம் அந்தப் புகைதான் எனக்கு ஞாபகம் வரும், நான் சிரித்துக்கொண்டு போய்விடுவேன்.

மாமா மறுபடி சுற்ற ஆரம்பித்தார். "போவுட்டும். இனிமே புள்ளயத் தூங்க வெக்கட்டும்," என்றார்.

மாதம் முடிந்தது. மாமா எழுந்து நடந்தார். வண்டி வந்து நின்றது. சத்தியம் செய்தவன் நான், பெட்டியைத் தூக்க நாலு ஆளுக்கும் சொல்லி வைத்திருந்தேன். மாமா தொரையை ஒருமுறை தடவினார். பேத்தியின் நெற்றியில் சிலுவை வரைந்தார். "கைப்பிடிக்கு எண்ணெய் போடுங்க, காயுது," என்று மட்டும் சொல்லி வண்டியில் தனியாக ஏறிக்கொண்டார்.

தொரை எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளைத் தூங்கவைத்தான். நாலாவதுக்கு வில் அறுந்துபோயிற்று. அதன் பிறகு கொல்லன் பட்டறைக்குப் போய்க் கலப்பை இரும்பாகத் திரும்பி வந்தான். (அக்காவுக்கு நான் கொடுத்த வாக்கு அப்படித்தான் நிறைவேறியது.) அவன் ஜெயித்த பித்தளைக் குடத்தில்தான் அக்கா கடைசிவரை தண்ணீர் எடுத்தாள். எங்கள் வீட்டில் யாராவது ஒரு காரியத்தை அடித்துச் சொன்னால், அது கல்யாணப் பேச்சானாலும் மழையானாலும், ஒரு குரல் கேட்கும்: "மாமா, அங்கயே நில்லுங்க!" எனக்கு மருமகன் வந்தபோது முதலில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்த வாக்கியத்தைத்தான்.

மாமாவுக்கு வயதாகி, நெஞ்சில் சளி கட்டி, தர்மபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் போனபோது காலை வெயில் கட்டில்வரை வந்திருந்தது. டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம் பெரியவரே," என்று சிரித்துச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மாமாவுக்கும் அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்து விரலை அசைத்தார். குனிந்தேன். கண்ணில் அந்தப் பழைய குறும்பு.

"மாப்ள, நான் இங்கயே நிக்கட்டுங்களா?"

அவர் கையைப் பிடித்தேன். அன்றைக்கு மாதிரியே சில்லென்று இருந்தது.

"நில்லுங்க மாமா," என்றேன். "இந்தாண்ட வராதுங்க."

அவர் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் சொன்ன எந்த இடத்துக்கு எது வராமல் இருந்திருக்கிறது? மூன்றாம் நாள் வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளும், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் "எம் மருமவன் வராதுனு சொல்லியிருக்காருங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாராம்.